பத்துப் பேரின் ரத்தக்கொதிப்பு

1963 ஆகஸ்டில், தாராவியில் ஒரே சந்தில் குடியிருந்த ஒன்பது பெண்களின் ரத்த அழுத்தம் ஒன்றாகிவிட்டது. எவள் கையில் பட்டையைக் கட்டினாலும் பாதரசம் நூற்று எழுபதில் நின்றது. குழாயடியில் ஒருத்திக்குக் கோபம் வந்தால் ஒன்பது பேருக்கும் நூற்றெண்பது. இதை முதலில் கண்டவர் மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன். செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சர்ப்பகந்தா வேரிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரை செய்து சோதிப்பது அவர் வேலை. படித்த மனிதரல்லவா, கருவியைத்தான் சந்தேகப்பட்டார். புதுக் கருவியும் நூற்று எழுபதையே காட்டியதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சோதனையின் விதி எளியது. ஐந்து பேருக்கு வேர் மாத்திரை, நான்கு பேருக்கு அச்சு அசலாக அதேபோன்ற மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். சீட்டுக் குலுக்கியதில், ஒன்பது பேரில் ஒருத்தியான லூசியம்மாளுக்கு விழுந்தது மாவு. சோதனை தொடங்கிய ஜூனில் அவளுக்கு இருநூற்று நாற்பது. கப்பல் வேலைக்குப் போன ஒரே மகன் தனசீலனிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதமும் இல்லை. கெட்ட சேதி ஏதாவது வந்தால் மண்டைக்குள் நரம்பு வெடித்துப் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே மாவைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறேளா?" என்று அவளிடம் கேட்டார்.

"இங்க ஒருத்தி மட்டும் தனியா எதயும் திங்கது கெடையாது சார்," என்றாள் லூசியம்மாள்.

அந்தோணியார் திருவிழா அசன விருந்துக்கு எல்லா வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் பொங்கிப் பங்கிடுவது அவர்கள் வழக்கம். அதேபோல ஒன்பது பேர் மாத்திரையையும் ஒரே உரலில் இடித்து, கருப்பட்டி சேர்த்து உருட்டி, சமமாகப் பங்கிட்டிருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாத வேலை பாழ். மேலிடத்தில் சொன்னால் சோதனையை மூடிவிடுவார்கள். லூசியம்மாளுக்குக் கிடைக்கும் கொஞ்ச வேரும் நின்றுபோகும். அவர் சொல்லவில்லை. பங்கு வைக்கும் நேரத்தில் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று அவர் கையிலும் ஓர் உருண்டையை வைத்தார்கள். வாங்கித் தின்றார்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி பகலில், செம்பூரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. தின்ற உருண்டை நினைவுக்கு வந்தது; லூசியம்மாளுக்குக் கெட்ட சேதி வந்துவிட்டது என்று சட்டென்று புரிந்தது. கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பஸ் ஏறினார். சந்தில் எட்டுப் பெண்கள் முந்தானையை மூக்கில் பிடித்தபடி லூசியம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தந்தி கிடந்தது. தனசீலன் கடலோடு போய்விட்டான்.

லூசியம்மாளின் மூக்கிலும் ரத்தம், மற்றவர்களுக்கு வந்த அளவுதான். பட்டையைக் கட்டினார். இருநூறுதான், ஜூனில் இருந்த அளவுகூட இல்லை. அவள் மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். கதறுவதற்கு உயிரோடு இருந்தாள்.

"வந்துட்டியளா சார்? ஒங்களுக்கும் வந்திருக்கும்னு அப்பவே சொன்னேன்," என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். அனந்தகிருஷ்ணன் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் ரத்தக்கொதிப்பு பத்துப் பேருக்கும் சேர்ந்தே இறங்கத் தொடங்கியது.