ரசலையன் சார் நட்ட புங்கு

பூங்கனியின் மதிலுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே கிடந்த இடம் பஞ்சாயத்துக்குச் சொந்தம். அதில் நின்ற பிச்சிக்கொடி பூங்கனிக்குச் சொந்தம். கொட்டாரம் ஊரில் அந்தத் தெருக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் ஆல்டர் மேசைமேல் இருப்பது தன் பூதான் என்று அவள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, சொல்லாமலும் விட்டதில்லை.

எதிர்வீட்டு ரசலையன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். கொடியில் பாம்பு அடைகிறதாம். ஜேசிபி வந்தபோது பூங்கனி குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தால் கொடி வேரோடு கிடக்கிறது. சார் டிரைவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் அழுவாள் என்று சுற்றுவட்டத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அவள் அழவில்லை. ஜன்னல்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாம்புக் கதையை நம்ப அவள் என்ன சின்னப்பிள்ளையா? மாடியில் துணி காயப்போடும்போது சார் வீட்டு மதிலின் உள்பக்கம் செங்கல் துண்டால் வாசல் அகலத்துக்குக் கோடு இழுத்திருப்பது தெரிந்தது. அன்றைக்குத் துவைத்த துணி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். வெல்டிங் பட்டறை மரியஜானிடம் பேச்சுக் கொடுத்தாள். சார் வீட்டுக்குப் பெரிய கேட் ஒன்று வேலை நடக்கிறது; சாரின் மகன் விபின் கல்ஃபிலிருந்து வந்ததும் கார் எடுக்கப் போகிறான்; தெரு இடுக்கம், கார் திரும்ப எதிரே இடம் வேண்டும். பிச்சியைப் பிடுங்கியது காருக்காக. அந்தக் கேட் அங்கே வரக் கூடாது. பூங்கனியின் காலை ஜெபம் அன்றிலிருந்து அதில்தான் முடிந்தது.

மழை தொடங்கியதும் பஞ்சாயத்தில் மரக்கன்று நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தலைவர் ஜாஸ்மியைப் போய்ப் பார்த்தாள். எங்கள் தெருவுக்கும் வாருங்கள், முதல் கன்றை ரசலையன் சார் நடட்டும், பசுமையைப் பற்றி அவரைப்போலப் பேச ஆளில்லை என்றாள். ஜாஸ்மி சாரிடம் படித்தவள்; கண் கலங்கிவிட்டது.

சார் தேய்த்த சட்டையோடு தெருமுனையில் நின்று நன்றாகவே பேசினார். அதற்குள் பூங்கனி ஆட்களுக்குப் பிச்சி நின்ற இடத்தைக் காட்டிக் குழி தோண்டி முடித்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்து, புங்கங்கன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வந்த சார் குழியைப் பார்த்தார். எதிரே தன் மதிலைப் பார்த்தார். திரும்பவும் குழியைப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி வைக்கலாமே” என்றார் மெல்ல.

“ஏன் சாரே? பஞ்சாயத்து இடந்தானே. உங்களுக்கு இதுல வேற எதும் ஆவசியம் உண்டுமா?”

கேட் என்று வாய் திறந்தால் பாம்பு பொய்யாகிவிடும். சுற்றிலும் ஊர்க்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். சார் குனிந்தார்.

“மண்ண நல்லா அமுக்கி விடுங்க. காத்துல சாஞ்சிரப்பிடாது” என்றாள் பூங்கனி.

அமுக்கினார்.

மறுநாளே சார் கன்றை இடம் மாற்றக் கேட்டு ஜாஸ்மியிடம் போனார். நட்ட படம் இடத்தின் அடையாளத்தோடு மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி அது அரசாங்கக் கணக்கு மரம், தொட்டால் எனக்குத்தான் வம்பு என்று ஜாஸ்மி வருத்தப்பட்டாள். வாடிப் போகட்டும் என்று சார் கண்டும் காணாமல் இருந்து பார்த்தார். பூங்கனி காலையும் மாலையும் குடம் சுமந்தாள். சாரே நட்ட மரத்துக்கு சார் தண்ணீர் விடுவதில்லையே என்று போகிறவர் வருகிறவரிடம் வருத்தமும் பட்டாள். புங்கு மதிலை எட்டிப் பார்த்தது.

ஒரு சாயங்காலம் சார் ரோட்டைக் கடந்து அவள் வாசலுக்கு வந்தார். தலைமையாசிரியர் யார் வாசலுக்கும் போனதைத் தெரு பார்த்ததில்லை.

“பிச்சி நானே வாங்கி நட்டுத் தாறேன் பூங்கனி. இத மாத்துகதுக்கு நீயும் கையெழுத்துப் போட்டா, ஜாஸ்மி மேல எழுதிக் கேப்பா.”

ஆல்டர் மேசைக்கு இப்போது வேறு யாரோ பிளாஸ்டிக் பூ வைக்கிறார்கள். பூங்கனி ஒரு கணம் அதை நினைத்தாள். பிறகு சாரின் முகத்தைப் பார்த்தாள். அது எந்தப் பிச்சியை விடவும் அழகாக வாடியிருந்தது.

“பிச்சி இனி எதுக்கு சாரே? நான் இப்போ புங்குக்குல்லா தண்ணி கோருகேன்.”

விபின் வந்தான், காரும் வந்தது. அதைச் சபைக் கோயில் வளாகத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் வீட்டுக்கு நடக்கிறான். கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் பூங்கனி சார் வீட்டுக்குள் போனபோது, அந்தப் பெரிய கேட் கிணற்றடியில் சாய்ந்து கிடந்தது. சாரின் மனைவி தேவகனி அதன்மேல் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“பெயிண்ட் அடிச்சு வைக்கச் சொல்லுங்கக்கா” என்றாள் பூங்கனி, “துரு பிடிச்சா போர்வ கறையாயிரும்.”