திரும்பும்போது வரும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு பழைய காரிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், மழை பெய்தது, மனம் கனத்தது என்றெல்லாம் எதுவும் இல்லை. சின்னக் கார். நாலு கதவு, ஐந்து கியர், பின்னால் ஒரு பெரிய பெட்டி வைத்தால் இன்னொரு பெட்டிக்கு இடமிருக்காது. அது இப்போது என்னிடம் இல்லை. ஆனால் தலைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல்கூடப் போடாமல்.

முதலில் எழுதிய தொடக்கம்: "அக்கா சாவியைத் திருகினாள். கார் இருமியது."

அடித்துவிட்டேன். பழைய கார் என்றாலே அதை இருமவைக்கும் எழுத்தாளர்கள் மேல் எனக்குத் தீராத எரிச்சல். கார் இருமாது. இருமினால் மருந்துக் கடையோடு போயிருக்கும், செலவு மிச்சம்.

இரண்டாவது தொடக்கம்: "கார் வாங்கிய பதினெட்டாவது நாள் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை."

பழுதுபார்ப்புச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

2

அவளை அக்கா என்றே எழுதுகிறேன். அவளுக்கு ஒரு தம்பி. கார் அவனுடையது; அவன் அதை அவளுக்கு விற்றான். விற்ற பிறகு பழுதுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. விற்கும்போது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? கதை இந்த ஒரு கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கார் சரியாகும், ஆனால் வேறொன்று கெடும் என்று அவளுக்குப் பயம்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தருகிறவள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. மடக்குக் கட்டில் ஒன்றும் ரப்பர் பட்டைகளும் காரின் பின்னால் கிடக்கும். முட்டி மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாத கம்ப்யூட்டர்க்காரர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"வலி எப்படி இருக்கு? குத்துதா, இழுக்குதா, எரியுதா, மரத்துப் போகுதா?"

"வலிக்குதும்மா."

"வலிக்குதுன்னா பத்தாது. எப்படின்னு சொல்லுங்க."

சரியான சொல் வரும்வரை கை வைக்கமாட்டாள். பாதிச் சிகிச்சை அந்தச் சொல்லில் இருக்கிறது என்பாள். இப்படிப்பட்ட ஒருத்தி தன் காருக்கு வந்த நோவைச் சொல்லத் தெரியாமல் இரண்டு மாதம் அல்லாடினாள் என்பதை யார் நம்புவார்கள்? நான் கற்பனை செய்திருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டேன்.

3

இந்தத் தம்பி என்னைப் படுத்துகிறான்.

முதல் வரைவில் வில்லனாக வந்தான். பல் தெரியச் சிரித்தான். எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாவது வரைவில் பச்சைக் குழந்தையாக ஆக்கினேன். கிளட்ச் எந்தக் காலில் இருக்கிறது என்பதே தெரியாதவன் போல நின்றான். அதுவும் ஒட்டவில்லை. ஏழு வருடம் அந்தக் காரை ஓட்டியவன் அவன். தம்பிக்கு அது தெரிந்

[இந்த வாக்கியத்தைப் பிறகு பார்க்கலாம்.]

விற்ற அன்று அவன் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தான். கால்மிதிகள் புதிது. "டாங்க் நிறைய பெட்ரோல் போட்டிருக்கேன்க்கா" என்றான். முழு டாங்க் போட்டுக் கொடுப்பவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானா? ஏமாற்றாதவன் எதற்கு முழு டாங்க் போடுகிறான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு நின்றேன்.

வாங்குவதற்கு முன்னால் அக்காவின் கணவர் ஒரு வார்த்தை சொன்னார். அவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எதையும் சோதித்துப் பார்க்கச் சொல்வது அவர் வாடிக்கை. "யாராவது மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாமே" என்றார்.

"என் தம்பி வண்டிங்க. மெக்கானிக்கோட போய் நின்னா அவன் என்ன நினைப்பான்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

4

ரேடியேட்டருக்கு வருகிறேன். தண்ணீர் போகிற ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறது என்று மாற்றினார் மெக்கானிக். "சின்ன வேலைதான் மேடம்" என்றார். நாலு நாளில் மறுபடியும் சூடு ஏறியது. இப்போது பார்த்தால் குழாய் இல்லை, வாட்டர் பம்ப். "இதுவும் சின்ன வேலைதான்." சின்ன வேலைகள் இரண்டும் சேர்ந்து காரின் விலையில் பத்தில் ஒரு பங்கை விழுங்கின. அன்றிலிருந்து அந்த வீட்டில் மெக்கானிக்கின் பெயர் சின்னவேலை.*

* கெட்டவர் இல்லை. கோபமாக எழுத உட்கார்ந்தால்கூட அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஆள் தேடிக்கொண்டிருப்பவனுக்கு இது பெரிய தொல்லை.

அடுத்தது கிளட்ச். மேடேறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. தேய்ந்த தட்டின் விலை கம்மிதான். ஆனால் அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். கூலி தட்டின் விலையைப் போல இரண்டு மடங்கு. பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி ஒருநாள் கீழே இறங்கியது, ஏறவில்லை. ஒரு வாரம் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஓட்டினாள். சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு சமாதானம் இருந்தது. ரப்பர் என்றால் வெடிக்கும், தட்டு என்றால் தேயும், பழைய வண்டி என்றால் அப்படித்தான். தம்பியிடம் எதையும் அவள் சொல்லவில்லை. கணவரிடமும் பாதி செலவைத்தான் சொன்னாள்.

5

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

சின்னவேலைக்கு முதலில் போன் போட்டவர் வேதியியல் ஆசிரியர். "முன்னாடி சக்கரத்துக்கிட்ட லொடலொடன்னு ஒரு சத்தம்" என்றார்.

"லொடலொடன்னா லிங்க் ராட் சார். சின்ன வேலைதான்."

மாற்றினார். சத்தம் போகவில்லை. இந்த முறை அக்கா பேசினாள். "லொடலொட இல்லைங்க. கடகடன்னு வருது."

"அப்பவே சொல்ல வேண்டாமா மேடம்? கடகடன்னா எஞ்சின் மவுண்டிங்."

அதையும் மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. அவரே ஓட்டிப் பார்த்தார். பட்டறைக்கு முன்னாலிருந்த நேர்ச் சாலையில் போனார், வந்தார். காரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. "என்கிட்ட வந்தா வாயே திறக்க மாட்டேங்குது மேடம்" என்றார், தனக்கு ஏதோ மரியாதை கிடைத்ததுபோல.

பள்ளியில் இரட்டைக்கிளவி என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தோம். பிரித்தால் பொருள் தராது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாற்றிச் சொன்னால் எவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லொடலொடவுக்கு ஒரு பில், கடகடவுக்கு ஒரு பில். எல்லாவற்றையும் கூட்டினால் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சத்தத்தோடு ஓட்டப் பயந்து அக்கா இரண்டு வீடுகளை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். அதில் ஒருவர், இடது கையால் கிளாஸைத் தூக்க அப்போதுதான் பழகியவர்.

கணவர் அன்றைக்குக் கேட்டார். "உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"என்னன்னு கேக்க? ஏமாத்திட்டியாடான்னா?"

"வண்டில ஏற்கெனவே ஏதாவது இருந்துச்சான்னு கேளு."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

இரண்டும் ஒன்றில்லை என்று அவர் விளக்கப் போனார். அவள் எழுந்து போய்த் துணி மடித்தாள்.

6

இந்தப் பகுதியை ஆறு முறை எழுதினேன். இது ஏழாவது. இனி மாற்றமாட்டேன், வெறுத்துப்போய்விட்டது.

ஞாயிறு காலை. வழக்கமாக அவள் தம்பிக்குப் போன் செய்யும் நேரம். காரைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் போன் செய்தாள். அவனுடைய முதுகு வலியைக் கேட்டாள், அவன் பெண்ணின் பரீட்சையைக் கேட்டாள். பேச்சு தீர்ந்துபோன ஒரு நொடியில் வாய் தவறி வந்துவிட்டது.

"வண்டில ஒரு சத்தம் வருதுடா."

"திரும்பும்போது கடக் கடக்குன்னு வருமே, அதுவாக்கா?"

கடக் கடக்.** அந்தச் சொல்தான். ஒரு வீட்டில் இரண்டு பேரும் பட்டறையில் ஒருவரும் இரண்டு மாதமாகத் தேடிய சொல். அதிலும் திரும்பும்போது. ஆமாம், திரும்பும்போது மட்டும்தான், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. "இழுக்குதும்மா, ஆமா, இழுக்குது" என்று சொல்லும்போது நோயாளிகளின் முகத்தில் அவள் தினமும் பார்க்கிற அதே நிம்மதி.

சத்தம் வருகிறது என்று மட்டும்தான் தான் சொன்னோம் என்பது அதற்கு அடுத்த நொடியில் உறைத்தது.

"ஆமாடா. அதேதான்."

"அது... ஒண்ணும் பெருசில்லக்கா."

"சரி, மெக்கானிக்கிட்ட சொல்றேன். நீ சாப்பிட்டியா?"

சின்னவேலையிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கடக் கடக்கா! டிரைவ் ஷாஃப்ட் மேடம் அது! இதை மொதல்லயே சொல்லியிருந்தா மத்ததெல்லாம் தொட்டிருக்கவே மாட்டேனே!" சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு. அதன் மூட்டை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்திருந்தது. கிழிசலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டு. வெயிலிலும் சேற்றிலும் வெளுத்துப் போயிருந்தது.

"யாரோ முன்னாடியே கட்டி விட்டிருக்காங்க" என்றார் அவர்.

"ம்" என்றாள் அக்கா.

 ** கடக் கடக் என்பது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா, இரண்டுமில்லையா என்று தமிழாசிரியர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அது டிரைவ் ஷாஃப்ட்.

7

முடிவுகள்.

ஒன்று. அவள் கேட்கிறாள். அவன் சத்தியமாகத் தெரியாது என்கிறான். அவள் நம்புகிறாள். [பொய். அவள் முட்டாள் இல்லை.]

இரண்டு. காரை அவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நடந்தே போகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. இரண்டு பக்கம் எழுதினேன், வசனமெல்லாம் கணீரென்று வந்தது. ஆனால் அவள் நடக்க மறுக்கிறாள். எத்தனை முறை அனுப்பினாலும் மடக்குக் கட்டிலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

மூன்று. அவன் செலவு முழுவதையும் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவருகிறான். [சே.]

நான்கு. உண்மையில் நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போன் வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், உட்கார்ந்தே இருக்காதே என்றாள். காரைப் பற்றி அவள் பேசவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று அவனும் கேட்கவில்லை. ஐந்து மாதமாக இப்படி.

8

இனிமேல் 'அவன்' என்று எழுத முடியவில்லை. கை வலிக்கிறது. தம்பி நான்தான்.

விற்பதற்கு நாலு மாதம் முன்பே எனக்குத் தெரியும். என் மெக்கானிக் காட்டினார், "இப்போதைக்குக் கட்டி விடறேன், சீக்கிரம் மாத்திடுங்க" என்றார். மாற்றவில்லை. விற்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டேன். வெளியாள் வாங்கியிருந்தால் சொல்லியிருப்பேன்; அவன்தான் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவருவானே. தம்பிதானே என்று அவள் பார்க்காமல் வாங்கினாள், அக்காதானே என்று நான் சொல்லாமல் விற்றேன். வாட்டர் பம்ப் எனக்குத் தெரியாது. கிளட்ச் தெரியாது. கண்ணாடி சத்தியமாகத் தெரியாது; எல்லாம் பில்களைக் கண்டெடுத்த அத்தான் பிறகு சொல்லித்தான் தெரியும். ஆனால் ஒன்றை மறைத்தவன் மற்ற மூன்றும் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே அவன்மேல் நம்பிக்கை வரவில்லை.

அவள் பக்கத்தில் நின்று கதையை எழுதியதற்குக் காரணம் இதுதான். அவள் வாயிலிருந்து நாலு வசவு கேட்க வேண்டும் எனக்கு. ஏழு பகுதிகள் எழுதியும் அவளைக் கத்தவைக்க முடியவில்லை. எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் "சரி, நீ சாப்பிட்டியா?" என்கிறாள். அந்த ஒரு கேள்வி என்னைக் கொல்கிறது.

9

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது ஒரே ஒரு வாசகிக்கு.

அக்கா, என் கதை எதுவானாலும் நீதான் முதலில் படிப்பாய். விட்டுப்போன ஒற்றெழுத்துகளைச் சிவப்பு மையில் போட்டுத் திருப்பி அனுப்புவாய். இதையும் உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். முடிவு என்னிடம் இல்லை, நீதான் எழுத வேண்டும். திட்டு. காரைக் கொண்டுவந்து என் வாசலில் விடு. இனிமேல் போன் பண்ணமாட்டேன் என்றுகூட எழுது, நான் ஏற்றுக்கொள்கிறேன். இவ்வளவையும் படித்துவிட்டு, ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி, கீழே "நல்லா இருக்குடா" என்று எழுதி அனுப்பிவிடாதே.