நாலு பக்கமும் கயிறு

தை மாதத்தில் ஒரு காலை லப்பைக்குடிகாட்டில் அடுக்களைப் பாத்திரங்கள் தாமாகக் கிடுகிடுத்தன. கண் மூடித் திறக்கும் நேரம் நிலம் அதிர்ந்தது, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாத்திமா பீவி வீட்டு ஜன்னலுக்கு மேலே மட்டும் சுவர் சாய்வாகப் பிளந்துவிட்டது. தெருவே வந்து அந்த விரிசலில் விரல் விட்டுப் பார்த்தது. ஷஹானாவும் பார்த்தாள். அடுத்த மனையில் அவளுடைய புது வீடு அப்போது இடுப்பளவு எழும்பியிருந்தது.

பிறகு பக்கத்துக் குன்னத்தில் நர்மதா என்கிற பொறியாளர், அதிர்வைத் தாங்கும் வீடு பற்றி ஒரு கூட்டம் போட்டார். மேசை மேல் இரண்டு சின்னச் செங்கல் வீடுகள். மேசையை ஆட்டியதும் ஒன்று மூலை பிரிந்து சரிந்தது. மற்றதில் கதவு ஜன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓடியது. அது அசையாமல் நின்றது. ஓரிடத்தில் அறுந்தாலும் அது பெல்ட் இல்லை என்றார் நர்மதா. கூட்டத்துக்கு வந்திருந்த ஷஹானாவும் அவள் வீட்டுக் கொத்தனார் மணிவேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் வாசற்கதவு நினைவுக்கு வந்தது.

மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவன் அஸ்லாம் அந்தக் கதவுக்காகத்தான் வீடே கட்டுகிறான் என்று தெருவில் கேலி உண்டு. தேக்குக் கதவு, அதற்கு மேல் பூவேலை செய்த வளைவு, இரண்டும் ஒரே நிலைச்சட்டத்தில். அதை அப்படியே நிறுத்தினால், வளைவு குறுக்கே நின்று பெல்ட் வாசலில் அறுந்துபோகும். மூன்று பக்கம் ஓடினால் போதாதா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சுவரோ கதவுயரத்தைத் தொட்டுவிட்டது, விடிந்தால் கான்கிரீட்.

அன்று சாயங்காலம், மணிவேல் பக்கத்தில் நிற்க, ஷஹானா வீடியோ காலில் கூப்பிட்டாள். அஸ்லாம், ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து தங்கும் தன் அறையில், ஊருக்குக் கிளம்பும் நண்பன் அப்துல் சலாமின் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வளைவை மட்டும் தொடக்கூடாது என்றான். ஷஹானா திரையில் தெரிந்த பெட்டியையே பார்த்தாள்.

“லைன்ல இருக்கியா புள்ள?”

“இருக்கேன் மச்சான். அந்தப் பெட்டியில பேரு ஊரெல்லாம் எழுதியிருக்கீங்க, கயிறு அது மேல போவுதே. பேரு மறையுதுன்னு அந்தப் பக்கம் மட்டும் அறுத்து விட்டுருங்களேன்.”

அப்துல் சலாம் சிரித்துவிட்டான். “அறுத்தா என் சாமானெல்லாம் ஏர்போர்ட்லயே கொட்டிரும் தங்கச்சி.”

அஸ்லாம் கையில் பிடித்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப வளைவ என்னதான் பண்றது?” என்றான் கடைசியில்.

மணிவேல் போனை வாங்கினார். “நிலைய ரெண்டா அறுத்துருவோம் பாய். கதவு கீழ, வளைவு மேல, நடுவுல பெல்ட் ஓடிரும். தெருவுலேருந்து பாத்தா இன்னும் ஒசரமாத் தெரியும்.”

இன்னும் உயரமாக என்றதும் அஸ்லாமின் முகம் தெளிந்தது.

அதற்குப் பின் போன் அவன் கையில் இல்லை. அந்த அறையில் எல்லோருக்கும் ஊரில் வீடு உண்டு, பாதியிலோ நினைப்பிலோ. மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர், பெல்ட் இல்லாமல் கட்டி முடித்த வீட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். அதை நர்மதா மேடத்திடம்தான் கேட்க வேண்டும் என்று மணிவேல் அவர் நம்பரைச் சொன்னார். இன்னொருவர் தன் கொத்தனாரையும் இந்த வீடியோ காலில் சேர்க்கலாமா என்றார்.

மறுநாள் வாசலுக்கு மேலே பெல்ட் அறுபடாமல் ஓடியது. பாத்திமா பீவி வெயிலில் நின்று மூலை மூலையாகப் பார்த்து, கம்பியை வளைத்துத்தானே போட்டாய் என்று மணிவேலை அதட்டினார். ஷஹானா பெல்ட்டைப் படம் எடுத்து அஸ்லாமுக்கு அனுப்பினாள். கதவு எங்கே என்று கேட்டு வந்தது பதில்.