மூன்றாவது அடி

ஆண்டிச்சாமியின் வலது கண் ஜெனிஷாவின் சைக்கிள் பெடலால் போனது. அதைப் போலீசில் சொன்னது அவளேதான். சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் தடுத்த பிறகும் சொன்னாள்.

ஜெனிஷாவுக்கு முப்பத்தெட்டு வயது. மதுரை ஞானஒளிவுபுரத்தில் வீடு. மிஷன் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தாள். அவள் வைத்திருந்த சைக்கிளைப் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிளைப் போல ஆட்டுக்கொம்பாய்க் கீழே வளைந்திருக்கும். ஆனால் டயர் மலைச் சைக்கிளின் தடித்த டயர், முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க். "ரேஸ் சைக்கிளா, மலை சைக்கிளா டீச்சர்?" என்று டீக்கடைகளில் கேட்பார்கள். "ரெண்டும்தான்" என்பாள். தார் ரோடு முடிகிற இடத்தில் மற்றவர்கள் திரும்புவார்கள். அவள் அங்கேதான் தொடங்குவாள். அழகர்கோவில் அடிவாரத்துப் பாறைகளில் ஓட்ட முடியாத இடம் வந்தால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவாள். பன்னிரண்டு கிலோ. அந்த எடை அவள் கைகளுக்கு மனப்பாடம்.

மே மாத விடுமுறையில் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி, திருமங்கலம் தாண்டி, டி. கல்லுப்பட்டிக்குச் சற்று முன்னால் ஒரு மண் பாதையில் இறங்கினாள். அது ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறியது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. கரையில் பாதித் தூரம் போனபோது கீழே ஒரு டிப்பர் லாரியும், பக்கத்தில் ஒரு ஜேசிபியும் நிற்பதைப் பார்த்தாள். கண்மாய் மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு முன்னால் ஓர் இளைஞன் குப்புறக் கிடந்தான். ஒருவன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி வலது கையை இழுத்துப் பிடித்திருந்தான். இன்னொருவன் இரும்பு ஜாக்கி லிவரை ஓங்கி அந்தக் கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கரைக்கு மேலே வரை கேட்டது.

ஜெனிஷா திரும்பிப் போயிருக்கலாம். அவளை யாரும் பார்க்கவில்லை. ஆனால் லிவர் மறுபடி மேலே போனபோது அவள் வாய் தானாகக் கத்தியது.

"ஏய், விடுங்கடா அவனை."

இருவரும் நிமிர்ந்தார்கள். முழங்காலை ஊன்றியிருந்தவன் ஜேசிபி ஓட்டுகிற நல்லகாமன். லிவர் வைத்திருந்தவன் டிப்பர் டிரைவர் ஆண்டிச்சாமி. பெயர்களெல்லாம் பின்னால் தெரிந்தவை. அப்போது அவள் பார்த்தது கரையில் ஏறி வரும் இரண்டு ஆட்களை மட்டும்தான்.

அவள் போனை எடுத்தாள். டவர் இல்லை. அதற்குள் நல்லகாமன் ஹெல்மெட் வாரைப் பிடித்து அவளைச் சைக்கிளோடு சரிவில் இழுத்துத் தள்ளினான். உருண்டு கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான். மூச்சு அடைத்தது. போனைப் பிடுங்கித் தூர எறிந்தான்.

"யாருடி நீ? எவன் அனுப்புனான்?"

மறுபடி உதைத்தான். எழுந்தபோது ஆண்டிச்சாமி முன்னால் நின்றான். லிவர் அவள் தலையில் இறங்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, தலை தப்பியது. காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது.

அவள் சைக்கிளின் மேலேயே விழுந்திருந்தாள். கைகள் பழகிய இடத்தில் பழகிய குழாய்களைப் பற்றித் தூக்கின. பாறை ஏறும்போது தோளுக்குக் கொண்டு போவது போலத்தான் தூக்கினாள். ஆனால் தோளில் வைக்கவில்லை. அப்படியே ஆண்டிச்சாமியின் நெஞ்சில் இடித்தாள். அவன் பின்வாங்கி மறுபடி லிவரை ஓங்கினான். இரண்டாம் முறை பல்சக்கரம் அவன் மணிக்கட்டைக் கிழித்தது. லிவர் எங்கோ தெறித்தது. அவன் கால் தடுக்கி மல்லாந்து விழுந்து, இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வேணாம்" என்றான்.

அவள் காதில் அது தெளிவாக விழுந்தது. சைக்கிளை முழு உயரத்துக்குத் தூக்கி அவன் முகத்தில் இறக்கினாள். ஷூ வழுக்காமல் இருக்க அந்தப் பெடலில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் இருந்தன.

அவன் போட்ட அலறலில் நல்லகாமன் நின்ற இடத்திலிருந்து ஓடினான். கருவேலங்காட்டுக்குள் முள் கிழிக்கக் கிழிக்க ஓடி மறைந்தான்.

பிறகு அங்கே இரண்டு பேர் மண்ணில் கிடந்தார்கள். இளைஞனின் முன்கையிலிருந்து எலும்பு வெளியே வந்து ரத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிஷா சைக்கிள் பையிலிருந்த உபரி டியூபை எடுத்து அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள்.

"உன் பேரு என்ன?"

"சூர்யபிரகாஷ்."

"தூங்கிராதே. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு வாரேன்."

"அவனுக்கும் சொல்லுங்க" என்றான் சூர்யபிரகாஷ், ஆண்டிச்சாமியைப் பார்த்து.

அவள் கழுத்துத் துணியைக் கழற்றி ஆண்டிச்சாமியின் முகத்தில் வைத்து, அவன் கையை அதன்மேல் அழுத்தினாள். அவன் தடுக்கவில்லை. "கண்ணு இருக்கா? பாத்துச் சொல்லு, கண்ணு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் பார்த்தாள். சொல்லவில்லை.

எறிந்த போனைத் தேடி எடுத்து, கண்மாய்க்குக் குறுக்கே சைக்கிளை ஓட்டினாள். வண்டல் பொடியாகக் கிடந்த இடத்தில்கூட அந்த டயர் அமுங்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் விலா குத்தியது. தார் ரோட்டில் ஏறியதும் டவர் கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது ஒரே வண்டியில்தான் மூன்று பேரையும் ஏற்றினார்கள்.

சூர்யபிரகாஷ் பி.ஏ. முடித்து ஊரில் விவசாயம் பார்ப்பவன். அவனுடைய அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து வாங்கிய முக்கால் ஏக்கர் அந்தக் கண்மாய்த் தண்ணீரை நம்பித்தான் இருந்தது. மடைக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஏறாது என்று மூன்று முறை மனுக் கொடுத்தான். யாரும் வரவில்லை. அன்றைக்கு லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகவே பேசினார்.

"டீச்சர், கைகலப்புல அவனே சைக்கிள் மேல விழுந்துட்டான்னு எழுதிக்கிறேன். அம்புட்டுத்தான். உங்களுக்குப் பிரச்சினை வராது."

"விழல சார். நான்தான் அடிச்சேன். மூணு அடி. கடைசி அடி, அவரு கீழ கிடந்து வேணாம்னு சொன்னப்புறம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதைச் சொன்னா தற்காப்பு நிக்காது. தெரியும்ல?"

"அவங்க செஞ்சதை நான் பார்த்தபடி சொல்லணும்னா, நான் செஞ்சதையும் சொல்லணும் சார்."

பக்கத்தில் நின்ற அவள் கணவர் ஜூடு வெளியே போய்விட்டார். இரவு வீட்டில் இரண்டே வாக்கியம்தான் பேசினார். "நீ செத்துருப்ப ஜெனி. அவனுக்காக நீ ஜெயிலுக்குப் போகணுமா?"

ஓடிப்போன நல்லகாமனைப் பிடித்தார்கள். ஜெனிஷா மீதும் வழக்குப் பதிவானது. முன்ஜாமீன் கிடைத்தது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சைக்கிளை ரத்தக் கறையோடு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒரு நம்பர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் சூர்யபிரகாஷ் வீட்டு வைக்கோல் படப்புக்கு யாரோ தீ வைத்தார்கள். பக்கத்தில் கட்டியிருந்த சினைப் பசு கயிற்றை அறுக்க முடியாமல் நின்ற நிலையில் வெந்துபோனது. மறுநாள் அவன் அம்மா மலையம்மாள் பஸ் ஏறி ஜெனிஷா வீட்டைத் தேடி வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை.

"டீச்சரு, நீங்க சாட்சி சொல்லலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். அடுத்தாப்ல உங்க வீட்டுக்கும் வருவாங்க. எம்மவன் உசுரோட இருக்கான், அது போதும் எனக்கு."

"நீங்க கேஸை வாபஸ் வாங்கப் போறீங்களா?"

மலையம்மாள் முந்தானையை விலக்கினாள். "மாட்டை அவுத்துவிடப் போனப்ப என் கை வெந்துருச்சு" என்று கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். "வாங்க மாட்டேன்."

"அப்ப நானும் சொல்லுவேன்."

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. தீர்ப்பு நாளன்று கோர்ட் வராந்தா பெஞ்சில் ஜெனிஷா தனியாக உட்கார்ந்திருந்தபோது ஆண்டிச்சாமி வந்து மறுமுனையில் உட்கார்ந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். லாரி லைசென்ஸ் போய்விட்டது. மண் அள்ளச் சொன்ன முதலாளி ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அந்த முதலாளியின் பெயர் வழக்கிலும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

அவள் தலையசைத்தாள்.

"முத ரெண்டு அடி சரி. நான் உங்களைக் கொல்லத்தான் வந்தேன். மூணாவது எதுக்கு?"

கோர்ட்டில் அரசு வக்கீல் இதையே கேட்டதற்கு அவள் பயம் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய வக்கீல் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தை அது. இப்போது அதைச் சொல்ல முடியவில்லை.

"அடிக்கணும்போல இருந்துச்சு. நீங்க கீழ கிடந்ததைப் பார்த்ததும் இன்னும் அடிக்கணும்னு இருந்துச்சு. பயமே இல்ல அப்ப."

ஆண்டிச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

"அந்தப் பயலை அடிக்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றான்.

அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆண்டிச்சாமிக்கும் நல்லகாமனுக்கும் மூன்று வருடம். ஜெனிஷா தற்காப்பின் எல்லையை மீறினாள் என்று நீதிபதி சொன்னார். தானாக ஒப்புக்கொண்டதையும், இருவர் உயிரையும் காப்பாற்றியதையும் கணக்கில் எடுத்து, கோர்ட் கலையும்வரை சிறை என்று தீர்ப்பளித்தார். அவள் சாயங்காலம் வரை கோர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஜூடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவள் வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கினாள்.

சில வாரம் கழித்துச் சைக்கிளை எடுத்துப் போகச் சொல்லி டி. கல்லுப்பட்டி ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். சூர்யபிரகாஷும் வந்திருந்தான். அவன் வலது கை இனி முழுதாக நீளாது. இரண்டு டயரும் தரையோடு படிந்திருந்தன. செயினில் துரு. அவள் பம்பால் காற்றடிக்க, அவன் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறியா?"

"வேணாம் டீச்சர். இதைப் பார்த்தாலே எனக்கு அந்தாளு அலறுனது கேக்குது."

"எனக்கும்தான்."

"பெறகு எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

அவள் பம்பைக் கழற்றினாள். "என்னோடது" என்றாள்.

சைக்கிளில் ஏறி மெயின் ரோட்டுக்கு வந்தாள். செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. கண்மாய்க்குப் பிரியும் பாதையில் புது மழைத் தண்ணீர் நின்றது. ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தாள். அன்றைக்கு அதில் இறங்கவில்லை. லாரிகளுக்கு ஓரமாக, வெயிலில், மதுரைப் பக்கம் மிதிக்க ஆரம்பித்தாள்.