கூடு கட்டும் முன்

தலைநகரின் துவாரகா பகுதியில் ஹம்சா குடியிருந்த அடுக்குமாடிப் பூங்காவில் ஒரு மருத மரம் நின்றது. ஆராய்ச்சி மாணவியான அவள் அதன் தாழ்ந்த கிளைகளில் வலை கட்டி, காட்டுப் பட்டுப்பூச்சியின் புழுக்களை வளர்த்துவந்தாள். ஆரவல்லிச் சரிவு கோடைத் தீயில் கருகிய பிறகு, காடெல்லாம் அலைந்து கண்டெடுத்த ஒரு கொத்து முட்டைகளிலிருந்து பிறந்தவை. வேறு முட்டைகள் கிடைக்கவேயில்லை. தோலுரித்துத் தோலுரித்து, புழுக்கள் இப்போது பச்சைப்பசேலென்று விரல் தடிமன் ஆகியிருந்தன. கூடு கட்டும் வேளை நெருங்கிவிட்டது.

அன்று மாலை கேட்டருகே வரும்போதே கொசுப்புகை மெஷினின் உறுமல் கேட்டது. ஓடினாள்.

"பையா, ருக்கோ! அஞ்சே நிமிஷம்!" நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்தினாள்.

மெஷின்காரன் தயங்கினான். ஆஸ்பத்திரியில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த கீழ்வீட்டு ராஜி, ஃபிளாஸ்கும் கையுமாக நின்றுவிட்டாள்.

"நிறுத்தச் சொல்லாதே ஹம்சா. ஜெயந்துக்கு டெங்கு. ப்ளேட்லெட் இறங்கிண்டே போறது. கெஞ்சிக் கூத்தாடி நான்தான் இவனை வரவழைச்சேன்."

"தெரியும் மாமி. கொஞ்ச நேரந்தான் கேக்கறேன்."

"புழுவுக்காகவா?"

ஹம்சா மரத்துக்கு ஓடினாள். வலையைக் கிழித்தாள். புழுக்கள் கிளையை இறுகப் பற்றியிருந்தன. பிடித்து இழுத்தால் உடல் கிழிந்து செத்துவிடும். கிளைகளையே வெறுங்கையால் ஒடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. மெஷின்காரன் அவளுக்காக மறுகோடிக்குத்தான் திரும்பினான். ஆனால் காற்று புகையை இந்தப் பக்கமே அள்ளி வந்தது.

அறைக்குக் கொண்டுவந்த புழுக்கள் பச்சைநீர் கக்கித் துவண்டன. விடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு இலைகளை இழுத்துச் சேர்த்து நூல் நூற்கத் தொடங்கியது.

ஜெயந்த் பிழைத்து வீடு திரும்பினான். மழைக்காலம் முடியும் தறுவாயில் கூட்டை நனைத்துத் துளைத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்தது. பெண். சாப்பிட வாயில்லாத பிறவி. இணை சேர்ந்து முட்டையிட சில நாள் ஆயுள்தான். அதைக் கம்பிக்கூண்டில் விட்டு ஜன்னலில் மாட்டினாள் ஹம்சா. எங்கிருந்தாவது ஓர் ஆண்பூச்சி வாசம் பிடித்து வராதா? எதுவும் வரவில்லை.

படியில் எதிர்ப்பட்ட ராஜி தணிந்த குரலில் கேட்டாள்: "ஒண்ணாவது பொழச்சுதாடி?"

"பொழச்சுது மாமி. முட்டைகூட போட்டிருக்கு."

அதோடு நிறுத்திக்கொண்டு ஹம்சா படியேறினாள். இணை சேராத முட்டை பொரிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவற்றை ஈரத்துணி பக்கத்தில் வைத்து, தினமும் லென்ஸில் பார்த்தாள், எல்லாம் குழிவிழுந்து சுருங்கும்வரை.