மெல்ல எழும் மணி

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஒலி வடிவமைப்பு" என்று சொல்லிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இப்போது அந்த வார்த்தையை சொல்லவே கூசுகிறது.

மருத்துவமனைகளுக்கு அழைப்பு மணி செய்கிற கம்பெனி எங்களுடையது. கட்டிலோரம் வயரில் ஒரு பொத்தான் தொங்கும். நோயாளி அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், கட்டிலருகிலும் சன்னமாகக் கேட்கும். அவ்வளவுதான் விஷயம். அதைப் போய் நான் கெடுத்தேன்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "பஞ்சு மாதிரி இருக்கணும்மா" என்பார். புதிதாக எங்களிடம் வந்த ஒரு மருத்துவமனை, பழைய மணி காது கிழியக் கத்துகிறது, பார்க்க வருகிறவர்கள் பதறுகிறார்கள் என்று புகார் சொன்னது. பஞ்சு நேராக என்னிடம் வந்தார்.

"கேட்டா மனசு குளிரணும். விரலை எடுத்தா தானா அடங்கிடணும். நர்ஸ் வந்து அணைக்கிற வரைக்கும் அலறக் கூடாது."

அதுவரை நான் பதிவான குரல்களை வெட்டி ஒட்டுகிறவள். சத்தத்தைப் புதிதாக உண்டாக்கத் தெரியாது. மூன்று வாரம் ஹெட்போனும் வீடியோவுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 'என்வலப்' என்பது பிடிபட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அடங்கும்வரை ஒரு சத்தம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டுகிற கோடு அது. தட்டைக் கரண்டியால் தட்டினால் சத்தம் சட்டென்று உச்சிக்குப் போய்ச் சிறுகச் சிறுக அடங்கும். குழலை ஊதினால் மெல்ல ஏறி, மூச்சு இருக்கும்வரை நிற்கும். ஏறுகிற நேரம் அட்டாக். உச்சியிலிருந்து சற்று இறங்குவது டிகே. விரல் பொத்தானில் இருக்கும்வரை நிற்பது சஸ்டெய்ன். விரலை எடுத்தபின் அடங்குவது ரிலீஸ். இந்த நான்கையும் மாற்றினால் ஒரே சத்தம் அறையவும் செய்யும், தடவிக்கொடுக்கவும் செய்யும்.

அட்டாக்கை இரண்டு விநாடிக்கு நீட்டினேன். மணி எங்கிருந்தோ கிளம்பி, தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அலுவலகத்தில் ஆளுக்கொரு தடவை பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஹா ஓஹோ என்றார்கள். நானும் அன்று மூன்று பேருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அதில் அக்காவும் ஒருத்தி.

நான்கு மாதம் கழித்து அதே மருத்துவமனையில் அக்காவுக்குக் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. விரல்களில் பலம் திரும்ப நாளாகும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் மதியம் நான் போனபோது, கதவைத் திறந்ததுமே மூத்திர வாடை முகத்தில் அடித்தது. அக்கா ஈரத்தில் கிடந்தாள். விரிப்பின் ஓரம் சில்லென்று ஆறிப்போயிருந்தது. இடுப்பில் தோல் சிவந்து வெந்திருந்தது. நர்ஸை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

"அவங்க கூப்பிடவே இல்லைங்க" என்றாள் நர்ஸ். "கூப்பிட்டா வராம இருப்போமா?"

"அழுத்தினேன்டி" என்றாள் அக்கா. "பத்து தடவைக்கு மேல. லேசா முனகுது, நின்னுடுது. என் விரல்தான் சரியில்ல. உன் மணிய நான் குறை சொல்லலப்பா."

நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். மணி அழகாக ஏறி நின்றது.

"பாத்தீங்களா, நல்லாத்தானே அடிக்குது" என்றாள் நர்ஸ்.

"அக்கா, நீ அழுத்து."

அவள் விரல் பொத்தானில் பட்டது, அரை விநாடி நின்றது, வழுக்கியது. மணி தலையைத் தூக்கி, கால்வாசி கூட ஏறாமல் செத்தது. இந்த முனகல் நர்ஸ் மேசையில் யார் காதிலும் விழுந்திருக்காது. ஏறும்போதே விரலை எடுத்துவிட்டால் சத்தம் உச்சிக்குப் போகாது. இருக்கிற இடத்திலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும். முதல் வாரத்திலேயே படித்த பாடம் அது. நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

அக்கா தன் விரலைத் திட்டினாள். நர்ஸ் அக்காவைச் சந்தேகப்பட்டாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டால் தப்பித்தேன் என்று ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அந்த விரிப்பைவிட நான்தான் நாறுகிறேன் என்று தோன்றுகிறது.

"தப்பு உன் விரல்ல இல்லக்கா. அத நான்தான் அப்படி செஞ்சேன்."

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"தெரிஞ்சிருக்கணும்."

அவளால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஞ்சுவுக்குப் போன் போட்டேன். "ஸ்டிக்கர் ஒட்டிடலாம்மா" என்றார் சாவகாசமாக. "ரெண்டு விநாடி அழுத்திப் பிடிக்கவும்னு. மணிய மாத்தினா ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." போனை வைத்தேன்.

மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து, நர்ஸ் மேசைக்கு அடியில் இருந்த, மணியை இயக்குகிற எங்கள் பெட்டியோடு இணைத்தேன். நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அட்டாக்கைப் பூஜ்யமாக்கினேன். யாராவது வந்து அணைக்கும்வரை ஓயாமல் அடிக்கும்படி செய்தேன். திரும்பி வந்து அக்காவை அழுத்தச் சொன்னேன். விரல் பட்டதும் தாழ்வாரமே அலறியது. பக்கத்து அறையில் யாரோ "ஐயோ" என்றார்கள். நர்ஸ் ஓடியே வந்தாள். எனக்கு வெட்கமில்லாமல் பெருமை பொங்கியது.

நர்ஸ் மணியை அணைத்துவிட்டு, விரிப்பை மாற்றி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த, குடித்த தண்ணீரைக் குறிக்கிற தாளைப் புரட்டினாள். "காலையிலேர்ந்து ஒரு மடக்கு தண்ணி கூட உள்ள போகல போலிருக்கே?"

"குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். போகணும்னா கூப்பிடணும்" என்றாள் அக்கா. "நேத்தே நிறுத்திட்டேன். அப்படியும் இப்படி ஆயிடுச்சு."

தம்ளரில் உறிஞ்சுகுழலைப் போட்டு அவள் வாயருகே கொண்டுபோனேன். "இனிமே நல்லா கேக்கும்க்கா. குடி."

அவள் உதட்டைத் திறக்கவில்லை.

"நீ எத்தனை மணி வரைக்கும் இருப்ப?"

"ஆறு வரைக்கும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுக்குள் எவ்வளவு வெளியே போகும் என்று கணக்குப் போடுவதுபோல் இருந்தது. பிறகு இரண்டு மடக்கு மட்டும் குடித்தாள்.