கொதித்த வெள்ளம்

…ஒரு புள்ளிகூடவா முளைக்கவில்லை, லிஜி கிருமி வளர்க்கும் பெட்ரித் தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ரெஷ்மா வீட்டுக் கிணறு, அஸ்வந்த் வீட்டுக் கிணறு, தொழுவத்தை ஒட்டிக் கிடக்கும் சானு வீட்டுக் கிணறு, எல்லாம் துடைத்து வைத்ததுபோல வெறுமை, இத்தனை மழைக்குப் பிறகும் பாறசாலைக் கிணறுகளில் ஒரு கிருமியும் இல்லையா, யார் நம்புவார்கள்… விடை தெரிந்த பழைய பரிசோதனைகளை ஒதுக்கிவிட்டு, உங்கள் கிணற்றையே ஆராயுங்கள், யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடியுங்கள் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொன்னவள் அவள்தானே. சானுதான் தலையைச் சொறிந்தான். "கிணத்து வெள்ளத்த அம்ம கொதிக்க வச்சுத் தந்தா டீச்சர். காலேஜில நாலு பேரு பாக்குத வெள்ளமில்லா." எங்க வீட்டிலயும், எங்க வீட்டிலயும் என்று குரல்கள் எழுந்தன, ரெஷ்மாவின் அம்மா துணியில் வேறு வடிகட்டியிருக்கிறாள். வாசலில் நின்ற துறைத்தலைவி விலாசினி டீச்சர் சிரித்தார். "கேட்டியா மக்கா, இதாக்கும் உனக்க ரிசர்ச்சு. அடுத்த வாரம் பழையதையே செய்ய வை. ஆன்சர் தெரிஞ்சாத்தான் மார்க்கு போட எளுப்பம்."

எளுப்பம்தான், சுலபம்தான், முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பரிசோதனையில் கை நனைக்கிற எளுப்பம், வருடா வருடம் அதே முடிவு, அதே பத்துக்குப் பத்து, அப்படிப் படித்து வெளியே போன எந்தப் பிள்ளையாவது எதையாவது பார்த்து ஏன் என்று கேட்டதுண்டா… இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் அவ்வளவுதான், இனி இந்த ஆய்வகத்தில் விடை தெரியாத கேள்வி நுழையாது, இந்தச் சிரிப்பும் நிற்காது. பிள்ளைகள் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று, பத்துப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு அந்த அம்மாக்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், அதை எப்படித் தப்பு என்பது, தப்பு என்றால் எப்படி எடுத்து வரவேண்டும் என்று அவள் சொல்லித் தராததுதான் தப்பு. "பழையதுக்குப் போகமாட்டேன் டீச்சர். திரும்ப எடுப்போம்." "மார்க்கு குறைஞ்சா அப்பனும் அம்மையும் வந்து நிப்பாவ. நீதான் பதில் சொல்லணும், சொல்லுவியா?" "சொல்லுவேன்." விலாசினி டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு போனார், போகட்டும், துறைக் கூட்டத்தில் பேசட்டும், லிஜி அங்கேயும் இதைத்தான் சொல்வாள்.

"திரும்ப எடுத்தா என்ன வரும் டீச்சர்?" என்றான் அஸ்வந்த். "எனக்குத் தெரியாது" என்றாள் லிஜி. ஆசிரியை இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை, மதிப்பு குறைகிறதா கூடுகிறதா என்று அந்த முகங்களில் படிக்க முடியவில்லை, குறைந்தால் குறையட்டும். சானு மட்டும் பாட்டிலைக் கழுவிக்கொண்டே, "இனி அம்மைக்கிட்ட சொல்லாம கிணத்துல கோரிட்டு வாறேன்" என்றான். ஏதோ உறுத்த, அவள் கேட்டாள், வீட்டில் நீங்கள் குடிப்பதும் கொதிக்க வைத்ததுதானா? "எங்கே டீச்சர், நாங்க சும்மா கோரிக் குடிப்போம்." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஊராருக்குக் கொதிக்க வைத்தவள், தன் பிள்ளைக்கு ஏன்… யாருக்கும் தெரியாதது என்றல்லவா இவர்களிடம் சொன்னேன், அந்தக் கிணறு சுத்தமில்லை என்று அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தால்?